மேளம், மண்வெட்டி, துடுப்பு: மதுரைக் கோடையின் மூன்று வேலைகள்

கத்திரி வெயிலில் திருவிழா மேளம் ஒரு பக்கம் கூப்பிடுகிறது, வற்றிய கண்மாய் மறு பக்கம் கூப்பிடுகிறது, விடுமுறைப் பிள்ளைகள் படகைக் கேட்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே கோடைதான். மதுரை இந்த மூன்றையும் எப்படிச் சமாளித்தது, இனி எப்படிச் சமாளிக்க வேண்டும்?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கத்து மேளக்காரர் ஒருவரிடம் லேசில் தேதி வாங்க முடியாது. சாட்டுதல் முடிந்து ஊருக்கு ஊர் காப்புக் கட்டிவிடுவார்கள். முளைப்பாரி, பூக்குழி, பால்குடம், தேர் என்று ஆனி வரைக்கும் ஓயாது. நையாண்டி மேளம், உறுமி, பம்பை, பறை, நாதஸ்வரம், கரகம் எல்லாவற்றுக்கும் இதுதான் சம்பாத்தியக் காலம். ஓர் ஊரில் விடிய விடிய வாசித்துவிட்டு வேனில் ஏறினால் அடுத்த ஊரில் இறங்கும்போதுதான் கண் விழிப்பார்கள். வருஷத்துச் சாப்பாட்டை இந்த நான்கு மாதத்தில்தான் சேர்த்தாக வேண்டும்.

அதே வாரங்களில் கண்மாயும் ஆள் கேட்கிறது. உள்வாய் வெடித்துக் கிடக்கும் இந்த நாட்களில்தான் கரையைப் பலப்படுத்தலாம், வரத்துக்கால்வாயின் அடைப்பை எடுக்கலாம், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கலாம். ஐப்பசி மழை விழுந்தபின் மண்வெட்டிக்கு அங்கே வேலையில்லை. பள்ளிக்கூடங்கள் அடைத்திருப்பதும் இப்போதுதான். வெயிலில் வாடும் பிள்ளைகள் தண்ணீர் இருக்கும் இடம் தேடி அலைகிறார்கள். கொடைக்கானல் ஏரியிலும் காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் துடுப்புப் போட வரிசை நிற்கிறது.

பசுமலை அடிவாரத்தில் நின்றால் இந்த மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும். வடக்கே மாடக்குளம் கண்மாய். தெற்கே திருநகருக்குப் பக்கத்தில் தென்கால் கண்மாய். நடுவே திருப்பரங்குன்றத்துக்குப் போகிற சாலையில் வைகாசி விசாகத்துப் பால்குடங்கள், காவடிகள், அவற்றோடு மேளம். கலைக்குழுவில் பறை அடிக்கிற இளைஞரே ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் கருவேலம் வெட்டுகிறார். அவரே நண்பர்களோடு படகேறவும் ஆசைப்படுகிறார். எந்த ஞாயிற்றுக்கிழமையை எதற்குக் கொடுப்பது என்பதுதான் அவருடைய கோடைக்காலக் கவலை.

அந்தக் கவலைக்கு மதுரையின் பழைய ஆண்டுக் கணக்கில் விடை இருக்கிறது. பாட்டும் நீர்வேலையும் படகும் ஒன்றோடொன்று போட்டி போட வேண்டியவை அல்ல. ஒரே தண்ணீரை நம்பியிருக்கும் ஒரே தொழிலின் மூன்று கட்டங்கள் அவை. இந்தத் தொடர்பு அறுந்துபோனதால்தான் நமக்குக் கோடை போதவில்லை.

பண்ணோடு ஓடிய வைகை

ஓர் ஆற்றுக்கு இத்தனை பாட்டு கிடைப்பது அரிது. பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 பாடல்கள். அவற்றில் 8 வைகைக்கு. செவ்வேளாகிய முருகனுக்கும் 8, அவற்றில் பல, பசுமலைக்கு அடுத்த திருப்பரங்குன்றத்தைப் பாடுபவை. உ.வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்த இந்த நூலின் தனிச்சிறப்பு, பாடலை எழுதியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டிருப்பது. பெட்டனாகனார், நன்னாகனார், கண்ணகனார் என்று இசையமைத்தவர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண் சொல்லப்படுகிறது. சங்கத் தொகைகளில் இப்படி இசைக் குறிப்போடு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான்.

அந்தப் பாடல்களில் புதுவெள்ளம் வந்ததும் உழவர்கள் முழவு கொட்டி மகிழ்கிறார்கள். ஊரே அலங்கரித்துக்கொண்டு துறைக்கு ஓடுகிறது. புணையேறி விளையாடுகிறார்கள். இன்னொரு காட்சியும் உண்டு. நீராடியவர்களின் சந்தனமும் பூவும் தேனும் கலந்து ஆறு கலங்கிவிட, அந்தணர்கள் அந்த நீரைத் தொடத் தயங்கி நிற்கிறார்கள். கொண்டாட்டம் ஆற்றை அழுக்காக்குகிறதே என்ற சங்கடம் அன்றைக்கே மதுரைக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. இசை, படகு, நீரின் தூய்மை மூன்றும் ஒரே நூலில், ஒரே ஆற்றங்கரையில்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குள் நுழைய வைகையைக் கடக்க வேண்டியிருந்தது. குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்த அம்பிகள் (படகுகள்) ஓடிய துறையை விட்டு, ஒதுக்குப்புறமாக மரப்புணையில் ஏறி அக்கரை போனார்கள். அம்பி மூன்று வகையாக ஓடிய ஆறு இது என்பதை இன்று ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பொறுமையாகச் சொல்லித்தான் நம்பவைக்க வேண்டும்.

படகு விடும் அளவுக்கு நீர் இருந்த காலத்திலும் அதைத் தேக்கப் பாடுபட்டார்கள். வைகைப் படுகையில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு மதகு அமைத்த செய்தியைச் சொல்கிறது. பிற்காலக் கல்வெட்டுகள் மதுரையை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று எழுதின. ஒரு தலைநகருக்கு அடையாளமே ஒரு கண்மாய்தான்.

தேதிச் சிக்கலைத் தீர்த்த ராஜா

ஒரே நேரத்தில் பல வேலை வந்து நெரிக்கிற சிக்கல் 17-ஆம் நூற்றாண்டு மதுரைக்கும் வந்தது. அப்போது மீனாட்சி கல்யாணமும் தேரும் மாசியில் நடந்தன என்பது மரபு. மாசி அறுவடைக் காலம். களத்தை விட்டுவிட்டுத் தேர் இழுக்க யார் வருவார்கள்? அழகர் சித்திரையில் தேனூர் வைகைக்கு வந்துபோனார். அது தனிக் கூட்டம். திருமலை நாயக்கர் மீனாட்சி விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகரைத் தேனூரிலிருந்து மதுரை வைகைக்கு வரவழைத்து, இரண்டையும் சேர்த்தார் என்கிறார்கள். சித்திரைக்கு மாறியபின்னும் தேர் இன்றுவரை மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.

இதில் பக்தியும் அரசியலும் இருந்தன. வேளாண்மையின் நாள்காட்டியை மதித்த அறிவும் இருந்தது. களத்து வேலை முடிந்து கை ஓய்ந்த நேரத்தில் ஊர் கூட வேண்டும், கூடின ஊருக்குப் பாட்டும் மேளமும் வேண்டும், கூடுகிற இடம் ஆற்றங்கரையாக இருக்க வேண்டும். 1645-இல் வண்டியூரில் அவர் வெட்டிய பெரிய தெப்பக்குளத்துக்கு வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்தது. அங்கே தெப்பம் விட்டது தைப்பூசத்தில், மழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும் நேரத்தில்.

மாதங்களை அடுக்கிப் பார்த்தால் இது புரியும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி மேளத்துக்கு. வைகாசி, ஆனி, ஆடி மண்வெட்டிக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. தை, மாசி துடுப்புக்கு. திருப்பரங்குன்றத்துத் தெப்பமும் தையில்தான். அழகர்கோயில் தெப்பம் பொய்கைக்கரைப்பட்டியில் மாசியில். கோடையில் பாடிக்கொண்டே கூடிய சனம் கோடை முடிவதற்குள் கால்வாயைத் திறந்து வைத்தால்தான் தையில் தெப்பம் மிதக்கும்.

சித்திரையில் உழைக்கிற கைகள்

2025-இல் மே 12 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். அதற்கு முந்தின நாள் மூன்றுமாவடியில் எதிர்சேவை தொடங்கியதிலிருந்து தல்லாகுளம், வைகை, ராமராயர் மண்டபம், வண்டியூர் வரைக்கும் எத்தனை வகை இசை! சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றிக் காத்திருப்பவர்களுக்கு நடுவே வர்ணிப்புப் பாடுகிறவர்கள் அழகரின் பயணத்தையே பாட்டாக நீட்டிக்கொண்டு போவார்கள். பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர்கோயில் ஆய்வில் இந்த வர்ணிப்புகளைத் தனியாக எடுத்துப் பேசினார். 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த நூல், ஒரு கோயிலின் வரலாற்றை அதைத் தேடி வரும் நாட்டார் மக்களின் பக்கமிருந்து சொல்லிக் காட்டியது.

அந்தக் கூட்டத்தில் இசைக்கிறவரின் உழைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பறையடிப்பவர் சந்து முனையில் காகிதத்தையும் சருகையும் கூட்டித் தீ மூட்டுகிறார். பறையின் முகத்தைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறார். தோல் முறுகியதா என்று விரலால் தட்டிக் கேட்கிறார். வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. நேரம் ஆக ஆக வியர்வையும் ஆற்றுக் காற்றின் ஈரமும் தோலைத் தளர்த்திவிடும். மறுபடி தீ, மறுபடி தட்டல். சித்திரை வெயிலில், சனத்தின் அனலில், கையில் இன்னொரு தீயோடு அவர் நிற்கிறார். தவில்காரர் விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிபார்க்கிறார். துணியைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்த அந்தக் கூடு இல்லாமல் வலந்தலையில் ஒரு சொல்லும் பேசாது.

இந்தக் கைகளுக்கு மரியாதை தாமதமாகவே வருகிறது. நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேர்த்து, பாடி, பல்கலைக்கழகத்தில் கற்பித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு வாத்தியத்தை மேடைக்கும் போராட்டத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் கொண்டுவந்த ஒரு தலைமுறையின் உழைப்புக்குக் கிடைத்த விருது அது. அந்தத் தலைமுறையின் பின்னால் இன்னும் நூற்றுக்கணக்கான பெயர் தெரியாத கலைஞர்கள் பேசின தொகை முழுசாகக் கைக்கு வருமா என்ற சந்தேகத்தோடே வேன் ஏறுகிறார்கள். கலையைக் காப்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் அந்தச் சம்பளத்தைப் பேச வேண்டும்.

கண்மாய்க்கும் ஒரு காப்புக் கட்டு

திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றின் மணலில் கிடப்பது செருப்பு, பாலிதீன், தண்ணீர்ப் பாட்டில், சாப்பாட்டுத் தட்டு. ஆட்டுத்தோல் துருத்தியில் நீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுவது பழைய நேர்த்திக்கடன். அந்த இடத்தில் விசைப் பம்பு வந்தது, வேதிப்பொருள் கலந்த நீர் வந்தது. அவை கூடாது என்று நிர்வாகமும் நீதிமன்றமும் சொல்ல வேண்டியதாயிற்று. சாமி மேல் படுகிற நீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை நம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

ஆற்றைவிட நெருக்கடி கண்மாய்களுக்கு. திருப்பரங்குன்றம் பக்கத்துக் கண்மாய்களுக்கு வைகை நீரைக் கொண்டுவருவது நிலையூர்க் கால்வாய். நிலையூர், தென்கால் இரண்டும் அதன் பிள்ளைகள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் காய்ந்துவிடும். மேலே உள்ள குடியிருப்புகள் மழைக்காலத்தில் மூழ்கும். மதுரையில் ஒவ்வொரு மழைக்கும் சில தெருக்கள் ஏரியாக மாறுவதன் கதை இதுதான். அங்கே முன்பு ஒரு நீர்வழி இருந்தது. உலகனேரியும் தல்லாகுளமும் பெயரளவில் இன்னும் நீரைச் சுமக்கின்றன. அவை இருந்த இடங்களில் இன்று கட்டடங்களும் சாலைகளும்.

கோடையில் ஒரு கண்மாயின் உள்வாய்க்குள் இறங்கி நடந்தால் நோயின் காரணம் கண்ணுக்கே தெரியும். வரத்துக்கால்வாய் உள்ளே நுழையும் இடத்தில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடக்கும். மடைக்கு முன்னால் கரம்பை மேடு தட்டியிருக்கும்; மடையின் வாயைவிட மண் உயரமாகிவிட்டால் நிறைந்த கண்மாயிலும் தண்ணீர் சரியாக வெளியேறாது. கரையோரம் சீமைக்கருவேலம் முள் விரித்து நிற்கும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்தால்தான் ஒழியும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது தமிழ்நாடு முழுக்க மண்வெட்டியும் ஜேசிபியும் கிளம்பின. அதைத் தொடர்ந்து செய்கிற ஊர்களில்தான் பலன் நிற்கிறது.

தொடர்ந்து செய்வதற்கு ஊருக்கு ஓர் அமைப்பு வேண்டும். பழைய குடிமராமத்து அதுதான். வீட்டுக்கு ஓர் ஆள், நிலத்துக்கு ஏற்ற பங்கு. மடையைத் திறந்து மூட ஒரு நீர்க்கட்டி. அவருக்கு அறுவடையில் ஒரு பங்கு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி இந்த முறைக்கு மறுபடி உயிர் கொடுக்க முயன்றுவருகிறது. கண்மாயில் எடுக்கும் வண்டல் வயலுக்கு உரம். 2024-இல் தமிழக அரசு வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று அந்த மண்ணை இலவசமாக எடுக்க வழிசெய்தது. விவசாயி தன் வயலுக்காக எடுக்கிற ஒவ்வொரு வண்டி மண்ணும் கண்மாய்க்கு ஒரு வண்டி தண்ணீர்.

வாத்தியத்துக்குள் இருக்கிற கண்மாய்

இசைக்கும் நீர்நிலைக்கும் உள்ள உறவைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டுமானால் மானாமதுரைக்குப் போக வேண்டும். மதுரையிலிருந்து வைகையோடு கீழே போனால் வருகிற ஊர். கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடம் பலவற்றின் பிறப்பிடம். பானை செய்கிற மண் போதாது என்று, வெவ்வேறு கண்மாய்களின் மண்ணைக் கலந்து, வைகையின் நுண்மணலைச் சேர்த்து, மிதித்துப் பதமாக்குகிறார்கள். சக்கரத்தில் எழுப்பிய குடத்தின் உள்ளே ஒரு கை உருண்டைக் கல்லை அணைத்துப் பிடிக்க, வெளியே மறுகை மரப்பலகையால் தட்டுகிறது. நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் தட்டல். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக வந்தால்தான் சுருதி நிற்கும். சங்கீத நாடக அகாடமி விருது பெற்ற மீனாட்சி கேசவனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதைத்தான். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாதஸ்வரத்துக்கும் இதே கதைதான். அதன் உயிர் சீவாளி. காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணல் வகையிலிருந்து அது செய்யப்படுகிறது. திருவாவடுதுறைச் சீவாளி இல்லாமல் மதுரைக் கோயிலில் மல்லாரி இல்லை. ஆற்றங்கரை அழிந்தால் நாணல் அழியும். கண்மாய் மூடினால் மண் போய்விடும். அதற்குப் பின் எத்தனை சபாக்கள் இருந்தும் பயனில்லை. பாடகருக்கும் மேளக்காரருக்கும் சூழல் வேலை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

நிலைத்தெப்பம் சொல்லும் தீர்ப்பு

இனி துடுப்பு. வண்டியூர்த் தெப்பக்குளம் ஏறத்தாழ 16 ஏக்கர். நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் எழுந்தருள, கரையில் நிற்கிற ஊர்மக்கள் வடம் பிடித்து இழுத்துச் சுற்றிவர வேண்டும். பல ஆண்டுகள் குளத்தில் தண்ணீரே இல்லை. அப்போது தெப்பத்தை நகராமல் நிறுத்திவைத்து விழா நடத்தினார்கள். அதற்கு நிலைத்தெப்பம் என்று பெயர். வறண்ட குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரை உள்ளே விட்டபின் குளம் மறுபடி நிறைந்தது. தெப்பம் மிதந்தது. மாலை நேரங்களில் கரையே சந்தைபோல் ஆகிவிட்டது.

தெப்பத்தை நான் ஒரு தேர்வாகவே பார்க்கிறேன். ஆற்றில் நீர் வந்ததா, கால்வாயை அடைக்காமல் வைத்தோமா, குளத்தின் அடி நீரைத் தாங்குகிறதா என்ற மூன்று கேள்விக்கும் ஒரே நாளில், எல்லார் கண்ணுக்கும் எதிரே விடை தெரிந்துவிடும். மிதந்தால் தேறினோம். நிலைத்தெப்பமானால் தவறினோம். எந்த அறிக்கையும் தேவையில்லை. இப்படியொரு பகிரங்கத் தணிக்கையைத் திருவிழாவாகவே வைத்துவிட்டுப் போன ஊர் இது.

பசுமலைக்கும் துடுப்புக்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. 1840-களில் அமெரிக்க மதுரை மிஷன் பசுமலையில் இறையியல் பள்ளியை நிறுவியது. 1881-இல் இங்கே தொடங்கிய கல்லூரி வகுப்புகளே பிற்பாடு நகருக்குள் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரி ஆயின. அந்த மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1845 முதல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டிக் கோடையைக் கழித்தார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரியாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டதும் அவர்தான் என்பார்கள். 1890-இல் படகுச் சங்கமும் வந்தது. வசதியுள்ளவர்கள் துடுப்புப் போட மலையேறுகிற வழக்கம் அங்கே தொடங்கி இன்றுவரை நிற்கிறது. மலையில் ஏரியை உண்டாக்கிய அதே மாவட்டம், சமவெளியில் முன்னோர் வெட்டிய கண்மாய்களை இழந்துகொண்டிருந்தது.

கிழக்கே போனால் வேறு பாடம் கிடைக்கும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். அலையாத்தி வேர்கள் இரு பக்கமும் நெருக்க, துடுப்பு நீரில் விழும் ஓசை தவிர வேறு சத்தமில்லாமல் போகலாம். நண்டு வேரில் ஏறுவது தெரியும், நாரை எழும்புவது தெரியும். காட்டைக் காட்டிச் சம்பாதிக்கிற ஊர் காட்டை வெட்டவிடாது. மீன் வருவதும் அந்தக் காட்டால்தான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

துடுப்புப் போடுகிறவர் தண்ணீருக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆகாயத்தாமரை துடுப்பில் சிக்கினால் கை வலிக்கும். சாக்கடை கலந்தால் மூக்கில் அடிக்கும். கரையில் நடக்கிறவர் பார்க்காமல் போய்விடலாம், படகில் இருப்பவரால் முடியாது. வண்டியூர்க் கண்மாயிலும் தெப்பக்குளத்திலும் படகு விடும்போது துடுப்புப் படகுக்கு முதலிடம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். மோட்டார் படகு வேடிக்கை காட்டும். துடுப்புப் படகு காவலரை உருவாக்கும்.

பாடி வாங்கிய படகு

உலகத்தில் இந்த மூன்றையும் ஒரே வாழ்க்கையில் செய்து காட்டியவர் பீட் சீகர். 1919-இல் பிறந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர். அவர் வீட்டருகே ஓடிய ஹட்சன் ஆறு ஆலைக் கழிவாலும் நகரச் சாக்கடையாலும் நாறிக் கிடந்தது. அவரும் நண்பர்களும் 1966-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகக் கச்சேரி செய்து பணம் சேர்த்து, அந்த ஆற்றில் பழங்காலத்தில் ஓடிய பாய்மரப் படகைப்போலவே 106 அடி நீளத்தில் ஒன்றைக் கட்டினார்கள். 1969-இல் 'கிளியர்வாட்டர்' மிதந்தது. படகு கரை தொட்ட இடமெல்லாம் பாட்டு, பாட்டுக்குக் கூடியவர்களிடம் ஆற்றைப் பற்றிப் பேச்சு. பள்ளிப் பிள்ளைகள் படகேறி வலை போட்டு ஆற்றில் என்ன உயிர் மிஞ்சியிருக்கிறது என்று தாங்களே எண்ணினார்கள். 1972-இல் அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் வருவதற்கு நாடெங்கும் எழுந்த குரல்களில் அந்தப் படகின் குரலும் உண்டு. சீகர் 94 வயதில் 2014-இல் மறைந்தார். படகு இன்னும் ஓடுகிறது.

நம் பக்கத்தில் 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலையும் புகையையும் கர்நாடக ராகங்களுக்குள் கொண்டுவந்தது. கபேர் வாசுகி எழுதியது, சூழல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனின் முயற்சியோடு உருவானது. சபாவில் கேட்கிற ராகம் அனல்மின் நிலையத்துக்கு எதிரே நின்றபோது, அதுவரை எண்ணூரைத் திரும்பிப் பாராதவர்கள் பார்த்தார்கள்.

மதுரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு மலைகள், சுனைகள், கண்மாய்கள், ராஜாளிப் பறவைகள், குடைவரைக் கோயில், தமிழிக் கல்வெட்டு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போன செய்தி வந்தது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஊர்கள் திரண்டு நடந்தன. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர் வட்டாரத்து ஊர்களுக்கு இப்படித் திரள்வது புதிதில்லை. சாட்டுதலுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் மீன்பிடித் திருவிழாவுக்கும் கூடிப் பழகிய சனம், கண்மாய்க்கும் மலைக்கும் ஆபத்து என்றபோது அதே பழக்கத்தில் கூடியது. திருவிழா வாழ்கிற ஊரில் போராட்டத்துக்கு ஆள் பஞ்சமில்லை.

இந்தக் கோடையிலேயே செய்யக்கூடியவை

ஒவ்வொரு திருவிழாக் கமிட்டியும் வரவு செலவுக் கணக்கில் கண்மாய்க்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் வரி போடுகிற ஊர், வரத்துக்கால்வாயில் ஒரு நாள் ஜேசிபி ஓட்டப் பணம் ஒதுக்குவது கஷ்டமில்லை. காப்புக் கட்டும் நாளைக் குறிக்கும்போதே கால்வாய் வெட்டும் நாளையும் குறித்துவிட வேண்டும். நோட்டீஸிலேயே அச்சடிக்க வேண்டும். சாமி பேரால் குறித்த நாளை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

அந்த நாளில் மேளம் வேண்டும். கண்மாய் வேலைக்குப் பறை கூப்பிட்டால் ஊர் வரும். ஆனால் கலைஞர்களை ஓசியில் கூப்பிடக் கூடாது. பூக்குழிக்குக் கொடுக்கிற சம்பளம் கண்மாய்க்கும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கலைக்குழு இளைஞருக்கு வருமானத்தையும் மண்வெட்டியையும் தனித்தனி ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரிக்க வேண்டிய நிலை வராது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில் தங்கள் ஊர்க் கண்மாயின் மடை எங்கே, கலுங்கு எங்கே, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடச் சொல்லலாம். மழை முடிந்து தண்ணீர் நிற்கும்போது அதே பிள்ளைகளைப் பாதுகாப்புச் சட்டை மாட்டி, தேர்ந்தவர் துணையோடு துடுப்புப் படகில் ஏற்ற வேண்டும். தான் வரைந்த கால்வாய் வழியாக வந்த நீரில் தானே படகு விட்ட பிள்ளை, வளர்ந்தபின் அங்கே குப்பை கொட்ட விடாது.

தெப்பம் நிலைத்தெப்பமாகும் ஆண்டில், தண்ணீர் ஏன் வரவில்லை என்று நீர்வளத்துறை, மாநகராட்சி, கோயில் நிர்வாகம் மூன்றும் ஊர் கூடிய இடத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். மழை பொய்த்தது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். கால்வாய் அடைபட்டது என்றால் அடைத்தது யார் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு.

அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது மதுரையின் நம்பிக்கை. பட்டின் நிறத்தை அவர் பார்த்துக்கொள்வார். கால்வாயின் அடைப்பை எடுப்பது நம் பொறுப்பு. தையில் தெப்பம் மிதக்குமா என்று மார்கழியில் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கான விடையை வைகாசியிலும் ஆனியிலும் நம் கைகளால்தான் எழுத முடியும். மேளம் ஓயட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேளத்தையும் கூட்டிக்கொண்டே கண்மாய்க்குள் இறங்குவோம்.